நாற்காலிக்கு அடியில் விரியன்

உயிர்களை இனம் கண்டு பெயர் சொல்லும் ஆற்றல், மனிதனுக்குக் கடவுள் கொடுத்த முதல் பட்டம். முஃபிண்டி மலையின் தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பட்டம் எடைக் கொட்டகை மேலாளர் லாம்பர்ட் கொம்பாவிடம் இருந்தது. இந்த மலையில் விஷப் பாம்பே கிடையாது என்று கம்பெனிக்குச் சொன்னவர் அவர்தான். கொட்டகையை விட்டு அவர் இறங்கியதை யாரும் பார்த்ததில்லை.

விஷப் பாம்பு இருப்பது உறுதியான இடத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டுமே பூட்ஸ் என்பது கம்பெனிச் சட்டம். ஆகவே பெண்கள் ரப்பர் செருப்போடு, கால் எதன்மேல் படுகிறது என்று தெரியாமல் ஈரச் செடிகளுக்குள் நுழைந்து கொழுந்து பறித்தார்கள்.

அன்று தூறலில் எடைக்கு வரிசை நின்றது. முதலில் நின்ற யூஸ்டா கிகோட்டி கூடையை இறக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"மச்சான், ஒங்க நாற்காலிக்கு அடியில பாம்பு கெடக்கு."

கொம்பாவின் முகம் மலர்ந்தது. அவர் இங்கோனி, அவள் ஹெஹே. ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்ட இரண்டு இனங்களும் இப்போது கேலிமுறை. சாவு வீட்டில்கூட ஏசிக்கொள்ளலாம், கோபப்படக் கூடாது. நம்புவது அதைவிடத் தப்பு.

"எங்க தாத்தா ஈட்டிய எடுத்தப்பவும் ஒங்க தாத்தா இப்படித்தான் பாம்பு பாம்புன்னு கத்திக்கிட்டே ஓடினாராம்."

"ஓடினது யாருன்னு அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல காலத் தூக்குங்க."

"தூக்கினா செருப்பக் கழட்டிட்டுப் போயிருவ."

"எங்கம்மா மேல சத்தியமா மச்சான்."

"ஒங்கம்மா எனக்கு அத்தை. அதுவும் பொய்தான் சொல்லும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. கொம்பாவும் சிரித்துக்கொண்டே குனிந்தார். ஒரு சாண் நீளம், பழுப்பு நிறம், இரு பக்கமும் வளைந்து வளைந்து ஓடும் மஞ்சள் கோடு. அது ஒரு மண்புழுவை நிதானமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

"பதறாதீங்க," என்றார் கொம்பா, பாதத்தை அசைக்காமல். "மண்புழு திங்குது பாருங்க. விஷமுள்ளது எலி திங்கும், தவளை திங்கும். இது பரம சாது."

யூஸ்டா பக்கத்தில் கிடந்த காலிக் கூடையை அதன்மேல் கவிழ்த்தாள். காட்டோரம் கூடாரம் போட்டு ஆராய்ச்சிக்குப் பாம்பு தேடிக்கொண்டிருந்த டாக்டர் நேமாவை அழைத்துவர ஆள் ஓடியது.

டாக்டர் நேமா கொக்கிக் கம்பியால் பாம்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"குட்டைத் தலை, சொரசொரன்னு செதில். விரியன்தான். இந்த மலையையும் பக்கத்து மலைங்களையும் விட்டா ஒலகத்துல வேற எங்கயும் இல்ல. உயிரோட பாக்க எத்தன வருஷமா..."

"அது இருக்கட்டும் டாக்டரம்மா. விஷம் இருக்கா?" என்றாள் யூஸ்டா.

"இருக்கு. கடிச்சா இதுக்குன்னு மாத்து மருந்துகூடக் கெடையாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

கொட்டகை அதிரக் குலவை எழுந்தது. வரிசையில் நின்ற வுமிலியா தன் செருப்பைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினாள். "பூட்ஸோடதான் இனிமே சர்ச்சுக்கே போவேன்" என்றாள் ஒருத்தி. "ஒம் புருஷன் அத மொதல்ல போட்டுட்டுப் போயிருவான்" என்றாள் இன்னொருத்தி. யூஸ்டா கொம்பாவைச் சுற்றி ஆடினாள்: "பரம சாதுவுக்கு ஒரு முத்தம் குடுங்க மச்சான்." விஷத்துக்காக இத்தனை பேர் ஆடி டாக்டர் நேமா பார்த்ததில்லை. அவளும் கை தட்டினாள். பாம்பு எங்கே கிடைத்தது என்பதைக் கம்பெனிக்கு அன்றே சரியாகச் சொல்லிவிட்டாள்: எடைக் கொட்டகை, நாற்காலிக்கு அடியில்.

அடுத்த வாரம் லாரி வந்தது. பெண்கள் பாடிக்கொண்டே போய்ச் சூழ்ந்தார்கள். ஓட்டுநர் ஒரு ஜோடி பூட்ஸை எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மீதி எங்கண்ணே?"

"பாம்பு இருந்தது கொட்டகையில. கொட்டகையில வேல பாக்குறது ஒரு ஆளுதானே, தங்கச்சி."

எடைக்கு வரிசை நகர்ந்தது, ரப்பர் செருப்புகளோடு. கொம்பா பூட்ஸ் போட்ட இரண்டு கால்களையும் நாற்காலி மேல் மடித்து வைத்துக்கொண்டுதான் எடை போட்டார்.