முப்பதாயிரத்து முப்பத்தொரு வெங்காயம்

குன்னத்துக்குக் கிழக்கே அரியமுத்து வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறையில் முப்பதாயிரத்து முப்பத்தொரு சின்ன வெங்காயம் இருந்தது. குழம்பில் போட்டாலும் சரி, மூட்டை கட்டித் திருச்சி மண்டிக்கு ஏற்றினாலும் சரி, விடிந்தால் அத்தனையும் பட்டறைக்குத் திரும்பிவிடும். எண்ணாமல் அளக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். தாலுகா ஆபீஸ்காரர்கள் நான்கு பேர் இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணிவிட்டு முதுகுவலியோடு போனார்கள்.

2019 தை மாதம், அவர் மனைவி செல்வம்மாள் இறந்த வாரத்தில் இது தொடங்கியது. காரியம் முடிந்ததும் மகன் பாலாஜிக்கும் மகள் கவியாவுக்கும் வெங்காயத்தைச் சரிபாதியாகப் பிரித்தார். ஒன்று மிஞ்சி, உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. பாலாஜி சிங்கப்பூர் போய் இறங்குவதற்குள் அவன் பங்கு வீடு வந்து சேர்ந்துவிட்டது. பிறகு பங்காளிகள் மூன்று பேருக்குப் பிரித்தார். ஐந்து பேர், ஏழு பேர், பதினொரு பேர், பதின்மூன்று பேர் என்று பிரித்துப் பார்த்தார். பாழாய்ப்போன அந்த ஒன்று ஒவ்வொரு தடவையும் மிஞ்சியது. எதாலும் வகுபடாத பகா எண் என்று ஊரில் படித்தவர்கள் முடிவு கட்டினார்கள்.

அரியமுத்து அதைத் தன் ஜாதகமாகவே எடுத்துக்கொண்டார். பந்தியில் அவர் முறை வரும்போது இலை தீர்ந்துபோகும். ஷேர் ஆட்டோவில் அவர் காலெடுத்து வைக்கும்போது இடம் நிறைந்துவிடும். "மிஞ்சினது வெங்காயமில்ல, நாந்தான்" என்பார். பேச ஆளில்லாமல் டிவியில் செய்தி வாசிப்பவருக்குத் திருப்பி வணக்கம் சொன்னார். பாவம், மனுஷன் வேறென்ன செய்வார்?

ஆறாவது வருஷம் விஷயம் கேள்விப்பட்டு, பெரம்பலூர்க் கணக்கு டீச்சர் சுகன்யா ஸ்கூட்டியில் வந்தார். டீ ஆறுவதற்குள் பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டார்.

"பகா எண்ணெல்லாம் இல்லீங்கய்யா. நீங்க பதிமூணோட நிறுத்திட்டீங்க. அம்பத்தொம்பது பேருக்குப் பிரிங்க. ஆளுக்கு ஐந்நூத்தொம்பது, ஒண்ணும் மிஞ்சாது."

ஊரில் பாதிச் சனம் திருப்பூரில் இருந்தது. அரியமுத்து வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தை உட்பட இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். எண்ணினார், ஐம்பத்தெட்டு. மறுபடி எண்ணினார், அதே ஐம்பத்தெட்டு. "ஒரு ஆளு கொறையுதுங்க, எல்லாரும் போயிட்டு வாங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

களத்தில் சோளம் அளக்கும் கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எண்ணத் தெரியலன்னா தள்ளி நில்லுங்கண்ணே!" என்றார். களத்தில் முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவார்கள். கொளஞ்சியம்மாள் நேரே வந்து அரியமுத்துவின் நெஞ்சில் கை வைத்து, "லாபம்" என்றார். தன்னைத் தொட்டு, "ரெண்டு" என்றார். அப்படியே வரிசையாகப் போய்க் கடைசியில் கைக்குழந்தையைத் தொட்டு, "அம்பத்தொம்பது" என்றார்.

பிரித்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. அரியமுத்து தன் பங்கைத் துண்டில் முடிந்துகொண்டு, ஒரு வெங்காயம்கூட உரிக்காமல் அழுதார்.

மறுநாள் விடிந்தபோது பட்டறை காலியாகவே இருந்தது. வாசலில் மூன்று வீடுகளிலிருந்து குழம்பு வந்திருந்தது, மூன்றும் வெங்காயக் குழம்பு.