ஜித்தா பார்த்த கம்பங்கள்

அஸ்ஃபர் மௌத்தாகி அடக்கமானது கண்டிக்குப் பக்கத்து மடவளை ஊர் முழுக்கத் தெரியும். ஜித்தாவில் இருந்த யூசுபுக்கு மட்டும் தெரியாது. காயல்பட்டினத்துக்காரரான அந்த மனிதர் மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருபக்கமும் பேசும் ஹாம் ரேடியோவில் அஸ்ஃபரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வானலைச் சிநேகிதம் என்பதால் போன் நம்பர்கூட வீட்டில் யாரிடமும் இல்லை. அவர் குரல் இங்கே மெல்லக் கேட்டது. இங்கிருந்து பதில் சொன்னால் அங்கே எட்டாது. இரண்டு ஏரியல் கம்பங்களில் ஒன்றைக் காற்று சாய்த்திருந்தது.

அஸ்ஃபரின் மனைவி ரிப்காவுக்கு அழுகை வரவில்லை. விதவை தனித்திருக்கும் இத்தா அறையில் கொடுத்ததைத் தின்றாள், விரித்ததில் படுத்தாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா? புருஷனை இழந்தவளுக்கு யூசுபிடம் சொல்லிவிட வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

கம்பத்தை நட அஸ்ஃபரின் கூட்டாளி தியாகராஜா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் வேலை. அந்நிய ஆண் என்பதால் ரிப்கா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். கம்பங்கள் வரிசையாக நிற்கும் திசைக்குத்தான் குரல் ஓங்கிப் போகும். பழைய குழி மழையில் சரிந்திருந்ததால், அவர் சாயாத கம்பத்துக்கு மற்றப் பக்கம் பத்து மீட்டர் அளந்து, நேர் மேற்காக முளை அடித்தார்.

"உங்கட ஆக்கள் மேற்கைப் பாத்துத்தானே தொழுறவை? ஜித்தாவும் அங்கதானே, தங்கச்சி?"

"நேர் மேக்கு இல்ல அண்ணன். கொஞ்சம் வடக்கால சரியோணும். நாங்க தொழ முஸல்லா விரிக்கிறதும் செவருக்குக் கோணலாத்தான். அவரு அந்தக் கோணலப் பாத்துத்தான் நட்டாரு. டேப்புட மத்த நுனியப் புடிச்சது நான்தான்."

தியாகராஜா முளையைப் பிடுங்கி, அவள் சொன்னபடி அடித்து, அங்கே கம்பத்தை நட்டார்.

அன்று மஃரிபுக்குப் பிறகு, திரைக்கு அந்தப் பக்கம் அவர் ரேடியோவின் முன் உட்கார்ந்து கூப்பிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் யூசுபின் குரல் வந்தது.

"அஸ்ஃபர் காக்கா! எங்கே போனிய இத்தன நாளா?"

தியாகராஜா மைக்கின் பொத்தானை அழுத்தினார். "யூசுப்..." என்றார். விட்டார். மறுபடி அழுத்தினார். பிறகு மைக்கைத் திரைக்கு அடியால் நீட்டினார்.

"எனக்கு ஏலாது, தங்கச்சி. நீங்களே சொல்லுங்கோ."

அதுவரை அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மற்றவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

"அவரு மௌத்தாப் போயிட்டாரு" என்றாள்.

பொத்தானை விட்டால்தான் யூசுப் பேசலாம். ரிப்கா விடவில்லை. அவள் அழுத அழுகை முழுவதும் ஜித்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.