மிசாவோ வைத்த சூப்

தோகுசோ சமையலறைக்குள் வந்து கரண்டியைக் கையில் எடுத்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். இந்த எண்பத்து நான்கு வயதுவரை அவர் அடுப்பருகே நின்று யாரும் பார்த்ததில்லை. சாவுக்கு வந்தவர்களுக்காகப் பெரிய பாத்திரத்தில், உப்பிட்டுப் புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்த மிசோ சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் உறிஞ்சினார்.

“உப்பு ஜாஸ்தி.”

பக்கத்து வீட்டு ஹருயேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரு சொல்றது பாருங்க! சப்புன்னு இருக்குன்னு வாசல்ல கொட்டின ஆளுதானே நீங்க?”

“கொட்டினேன்தான். பனி மேல கொட்டினேன். அதுக்கென்ன இப்ப?”

அடுத்த அறையில் அவர் மனைவி மிசாவோ முகத்தில் வெள்ளைத் துணியோடு படுத்திருந்தாள். ஐந்து நாள் சளிக் காய்ச்சல். நேற்று மதியம் முடிந்துவிட்டது.

தோகுசோவின் வீட்டில் அவருக்கு முன் ஆண்கள் யாரும் ஐம்பதைத் தொட்டதில்லை. அப்பா நாற்பத்தொன்பதில் விறகு அடுக்கும்போது விழுந்தார். மலைக் கிராமத்தில் குளிர்காலம் என்றால் உப்பு மீனும் ஊறுகாயும்தான். ஒவ்வொரு குளிர்காலமும் யாராவது ஒருவர் வாய் கோணிச் சாய்வார். விதி என்றார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் விதியில்லை, உப்பு என்றாள். அவளுக்கு உதவியாக ஊர் தேர்ந்தெடுத்தது மிசாவோவை.

உப்பு அளக்கும் கருவியோடு வீடு வீடாகப் போய்ச் சூப்பில் அமிழ்த்திப் பார்த்தாள். ‘உப்புப் போலீஸ் வருது, சட்டியை மூடு’ என்று ஆண்கள் கத்துவார்கள். தோகுசோவுக்கு மானம் போயிற்று. அவள் உப்புக் குறைத்து வைத்த சூப்பை வாசலில் கொட்டிவிட்டு, அண்ணன் கன்சாகு வீட்டிலேயே சாப்பிட ஆரம்பித்தார்.

மூன்றாவது மாதம், ஒரு மதியம், ஊறுகாய்க்குக் கை நீட்டிய அண்ணனின் விரலிலிருந்து சாப்பிடும் குச்சிகள் நழுவின. தோகுசோதான் தாங்கிப் பிடித்தார். இரண்டே நாள். கன்சாகுவுக்கு வயது நாற்பத்தேழு.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அன்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று. சொல்லவில்லை. சூப்பை முன்னால் வைத்துவிட்டுப் போனாள். குடித்தார்.

“இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

அவ்வளவுதான் பேச்சு.

மறு வாரமே கருவியை எடுத்துக்கொண்டு அண்ணியின் வீட்டுக்குத்தான் முதலில் போனாள். யாரையும் திட்டியதில்லை. மாதத்துக்கு அரைக் கரண்டி மிசோ குறைத்தால் நாக்குக்கே தெரியாது என்பாள். காளானும் கீரையும் அள்ளிப் போடுவாள். இப்படியே முப்பது வருடம், பனியிலும்.

தோகுசோவின் வயதுக்காரர்கள் அறுபது முடிந்த விழாவுக்குப் படம் எடுத்துக்கொண்டபோது பதினோரு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். அவருடைய அப்பாவின் வயதுக்காரர்களில் அந்த விழா பார்த்தவர்கள் இரண்டே பேர். அன்று மிசாவோ படத்தில் இல்லை, பின்னால் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“சரி பெரியப்பா, என்ன பண்ணட்டும்? தண்ணி ஊத்திடவா?” என்றாள் ஹருயே.

“ஊத்தாத. அவ தண்ணி ஊத்த மாட்டா. முள்ளங்கி இருக்கா?”

பலகையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். துண்டுகள் கோணலும் மாணலுமாக விழுந்தன. யாரும் கத்தியை வாங்கவில்லை. இரண்டு முள்ளங்கி வெந்த பிறகு மறுபடி ருசி பார்த்தார். ஒரு கிண்ணத்தில் எடுத்து, மிசாவோவின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தார்.

மாலை எரியூட்டிவிட்டுத் திரும்பியபோது, வழக்கப்படி தீட்டுக் கழிய ஹருயே வாசலில் உப்போடு நின்றிருந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து அவர் தோளில் தூவினாள்.

“தட்டிட்டு உள்ள வாங்க பெரியப்பா, குளிருது.”

“வரேன், நீ போ.”

கறுப்புத் துக்க உடையில் வெள்ளையாக ஒட்டியிருந்த உப்பைத் தட்டாமல், அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.