கடல் தண்ணீருக்குத் தீட்டில்லை

ஃப்ரீசர் பெட்டியை இறக்கி வைத்த ஆள், கூடத்துச் சுவரில் இருந்த ஒரே பிளக்கில் கை வைத்துவிட்டார்.

"அதப் புடுங்காதீங்கண்ணா" என்றாள் அபி.

அவர் திரும்பிப் பார்த்தார். பிளக்கிலிருந்து கிளம்பிய வயர் அலமாரிக்குப் பின்னால் ஏறி மீன் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. உள்ளே குமிழிகள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன.

"பாப்பா, மீனு ஒரு மணி நேரம் தாங்கும். அப்பா தாங்க மாட்டாரு. வெயிலப் பாரு."

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கு. எடுத்துட்டு வரேன்."

காலாப்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த முத்தம்மாள் அத்தை, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி மூக்கைச் சிந்தினாள். "அவனுக்கு ஒரு கண்ணாடிப் பொட்டி, அவன் மீனுக்கு ஒரு கண்ணாடிப் பொட்டி. திங்கறதுக்கு மீன் வாங்கறவன பாத்திருக்கேன். பாக்கறதுக்கு வாங்கறவன் எங்க வூட்லதான் பொறந்தான்." சொல்லிக்கொண்டே மறுபடி அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவிலேயே நிமிர்ந்து, "கலைவாணி, வெளக்கு பக்கத்துல தண்ணி வெக்கணும். தம்பி குடிக்கற டம்ளர எடு. பேரு வெட்டுனது" என்றாள்.

அம்மா தூணோடு சாய்ந்திருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அது காணோம்."

"காணோமா? நேத்து வரைக்கும் அதுலதான குடிச்சிருப்பான்."

"தெரியல அண்ணி. தேடிட்டேன்."

யாரோ ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அது விளக்குச் சூட்டில் ஒரு பக்கம் லேசாக வளைந்தது.

அப்பா எலக்ட்ரீஷியன். வீட்டில் வயருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எது எங்கே என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அபி மாடிப்படிக்குக் கீழே பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கடைசியில் சமையலறைப் பரணில் ஏறினாள். தீபாவளிப் பாத்திரங்களுக்குப் பின்னால் அப்பாவின் பழைய துண்டு ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தூக்கியதும் உள்ளே ஏதோ 'ணங்' என்றது.

பிரித்தாள். எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே 'கா. காசிலிங்கம்' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அடியில் நீலமாக ஒரு வட்டம் காய்ந்திருந்தது. டம்ளரோடு ஒரு சின்ன பாட்டில். பாதி காலி. மீதி பாதியில் மயில் கழுத்து நிறத்தில் தண்ணீர் போல் ஒன்று. லேபிளில் மீன் படம், காப்பர் என்ற சொல், அதற்குக் கீழே சிவப்பில், விழுங்கினால் ஆபத்து என்று ஆங்கிலத்தில்.

கூடத்திலிருந்து, "பாப்பா, கெடச்சுதா?" என்று பெட்டிக்காரர் கேட்டார்.

"இதோ வரேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. இருந்தது இருந்தபடி துண்டைச் சுருட்டி, பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளினாள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

அந்தப் பாட்டிலைப் பற்றி அவளுக்குத் தெரியும். போன வாரம் சென்னையில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்றுகொண்டு அப்பாவோடு வீடியோவில் பேசியபோது காட்டியிருந்தார். புதிதாக ஒரு மஞ்சள் மீன் வாங்கியிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வந்ததிலிருந்து ஒரே சொறி. உடம்பில் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். அதனால் பெரிய தொட்டியில் விடாமல், பின்பக்கத்துப் பழைய குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் தனியாக வைத்திருந்தார். ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய். அந்தக் குழாயின் விளிம்பில் மீன் சாய்ந்து ஒரு உரசு உரசும். விலுக்கென்று திரும்பி மறுபக்கம் ஒரு உரசு.

"பாத்தியா, ராத்திரி பகல்னு இல்லாம ஒரசிக்கினே கெடக்குது. செம்பு மருந்து ஊத்துனா போயிடுமாம்."

"ஊத்த வேண்டியதுதானப்பா."

"ஊத்துனா மீனு சாப்பிடாது, சுருண்டுக்கும். ஒரு ரெண்டு நாள் பாக்கலாம்னு வெச்சிருக்கேன். பெரிய தொட்டியில மட்டும் ஒரு சொட்டு படக் கூடாது. டாக்டரம்மா பரலோகம் போயிடுவாங்க."

டாக்டரம்மா என்பது ஒரு இறால். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, உடம்பை விட நீளமான வெள்ளை மீசை. பெரிய தொட்டியில் பாறை இடுக்கில் உட்கார்ந்திருக்கும். மீன்கள் ஒவ்வொன்றாக வந்து அதன் முன்னால் நிற்க, அது மேலே ஏறி அழுக்கைப் பொறுக்கித் தின்னும். செம்பு மீனுக்கு மருந்து, இறாலுக்கு விஷம். அப்பா இதைச் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

பெட்டி ஓட ஆரம்பித்தது. கூடத்தில் இரண்டு மோட்டார்கள் சேர்ந்து உறுமின. அபி அப்பாவின் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உதடுகளைப் பார்த்தாள். உதட்டில் நீலம் இருப்பதுபோல் தோன்றியது. பெட்டிக்குள் எரிந்த விளக்கே நீலம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. காலையில், அபி சென்னையிலிருந்து வந்து சேர்வதற்கு முன்பே, தெருக்கோடி கிளினிக் டாக்டர் வந்து, தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் வருவதற்கு முன்னால் அம்மா பரணில் ஏறி இறங்கியிருக்கிறாள்.

பத்து மணிக்கு மேல் சேதராப்பட்டு கம்பெனியில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் மாலையோடு வந்தார்கள். நெடுமாறன் என்பவர் அபியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கம்பெனி மூடுனதுலேர்ந்து அண்ணன் ஆளே டல்லாயிட்டாரும்மா. நாங்கல்லாம் வேற வேற எடம் தேடிப் போயிட்டோம். அவரு எங்கியும் வரல."

"கம்பெனி மூடிட்டாங்களா?"

அவர் கையை விட்டுவிட்டார். "தீபாவளிக்கு முன்னாடியே மூடியாச்சே. சொல்லலியா?"

அபி அம்மாவைத் தேடினாள். அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்; அபி திரும்பியதும் பார்வையைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டாள். பொங்கலுக்கு அபி வந்திருந்தபோதுகூட அப்பா தினமும் சாப்பாட்டு கேரியரோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். சாயங்காலம் வந்து, "இன்னிக்கு செம வேல" என்று சட்டையைக் கழற்றினார்.

அவள் அம்மாவின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சுது. மார்க்கெட்ல ஒருத்தங்க சொன்னாங்க."

"கேட்டியா அவர?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கேட்டிருக்கிறாள். எப்படிக் கேட்டிருப்பாள் என்று அபிக்குத் தெரியும். அம்மாவின் வாய்க்குத் தெருவே பயப்படும்.

"அப்பா டம்ளர் எங்கம்மா?"

"காணோம்னு சொன்னன்ல" என்றாள் அம்மா. பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "அப்பாவ முழுசா அனுப்பணும் அபி" என்றாள்.

அதற்கு மேல் கேட்க எதுவுமில்லை. வாயைத் திறந்தால் போலீஸ் வரும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உடம்பைக் கீறித் தைத்துத் தருவார்கள், தெருவுக்கு ஒரு கதை கிடைக்கும். திறக்காவிட்டால் அவளும் அம்மாவும் வாழ்நாள் முழுக்க ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் அந்த நீல வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அபி பின்பக்கக் குளியலறைக்குப் போனாள். டப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தண்ணீர் தெளிவாக, வெறும் தண்ணீராக இருந்தது. மஞ்சள் மீன் குழாய் மேல் சாய்ந்து உரசிக்கொண்டு, நின்று, மறுபடி உரசியது. மருந்து இதில் விழுந்ததா, வேறெங்காவது போனதா? மீனைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அப்பாவின் போனிலிருந்து மீன் கடை தேவதாஸ் நம்பரை எடுத்துக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொல்லாமல், டப்பில் மருந்து ஊற்றியிருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் கேட்டாள்.

"பாத்தா தெரியாதும்மா. அந்த டப்புக்குப் பாதி பாட்டில்னு நான்தான் சொன்னேன். தண்ணியில கலக்கி மெதுவா ஊத்தச் சொன்னேன். ஊத்துனாரான்னு தெரியல. கொஞ்சம் தண்ணி கொண்டாங்க, டெஸ்ட் பண்ற மருந்து ஒரு சொட்டு விட்டுப் பாத்தா கலர் காட்டிடும்." கொஞ்சம் தயங்கி, "அப்பா எங்க, நல்லா இருக்காரா?" என்றார்.

பதில் சொல்வதற்குள் வெளியே மேளம் அதிர்ந்தது. "அபி, வாய்க்கரிசி போட வா" என்று யாரோ கதவைத் தட்டினார்கள். தண்ணீரை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அப்புறம் எல்லாமே வேகமாக நடந்தது. சித்தப்பா மகன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். ஆண்கள் போன பிறகு தெரு வெறிச்சென்றானது. பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். குடத்துத் தண்ணீர், பானைத் தண்ணீர், வாளித் தண்ணீர், ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டில் தண்ணீர் முதற்கொண்டு எல்லாம் வாசலில் கவிழ்ந்து சாக்கடைக்குப் போனது. பிணம் கிடந்த வீட்டில் பழைய தண்ணீர் ஒரு வாய் இருக்கக்கூடாது. அபியை அம்மாவோடு உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

ஈரத்தோடு அவள் பின்பக்கம் ஓடியபோது டப் சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குழாய்த் துண்டு அதன் மேல் காய்ந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கூடத்துக்கு வந்தாள். பெட்டி இருந்த இடம் காலியாக, ஈரமாக இருந்தது. பெரிய தொட்டியில், வழக்கமான மீன்களுக்கு நடுவே, மஞ்சள் மீன் பாறையில் உடம்பை உரசிக்கொண்டிருந்தது.

"அத்த, இத யாரு இதுல விட்டது?"

முத்தம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "நாந்தான். பாவம், ஒண்டியாக் கெடந்துச்சு."

"அந்தத் தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

"இதுலியேதான். இதுலேர்ந்து நாலு மொண்டு வெளிய எறச்சிட்டு, அத அப்பிடியே சாய்ச்சுட்டேன். ஏன்டி மொறைக்கற?" துணியைப் பிழிந்தாள். "வீட்டுத் தண்ணிக்குத்தான் தீட்டு. கடல் தண்ணிக்குத் தீட்டு கெடையாது. எங்காளு அலை தாண்டிப் போயி கேன்ல மொண்டாந்த தண்ணி அது. தம்பி பகல்லாம் எங்க படகாண்டதான் கெடப்பான் இப்பல்லாம். கேட்டா லீவும்பான். போவறப்ப ரெண்டு கேன் எடுத்துக்குவான். அதப் போயி சாக்கடையில ஊத்தச் சொல்றியா?"

அபி தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். பாறை இடுக்கில் வெள்ளை மீசை தெரிந்தது. டாக்டரம்மா உயிரோடு இருந்தது. கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஒரு மீன் வந்து அதன் முன்னால் வரிசையில் நிற்பதுபோல் நின்றது.

செத்துப் போ, என்று அபி நினைத்தாள். நினைத்தது அவளுக்கே கேட்டதுபோல் இருந்தது.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. அவள் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. "புள்ள மீனயே பாத்துக்கினு இருக்குது, அப்பன் ஞாபகம்" என்று யாரோ உச்சுக் கொட்டினார்கள். விளக்கு வைத்த பிறகு அம்மா வந்து அருகில் உட்கார்ந்தாள். மஞ்சள் மீனைப் பார்த்தாள். பிறகு இறாலைப் பார்த்தாள். அம்மாவுக்கும் அப்பா சொல்லியிருக்கிறார், யாருக்குத்தான் சொல்லவில்லை.

"டப்புத் தண்ணி இதுலியா ஊத்துனாங்க?"

"ஆமா. எல்லாம்."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எழுப்பலாம்னு போறேன், பாய் பக்கத்துல டம்ளரு கெடக்குது. அடியில நீலமா. பாட்டிலு தலவாணி ஓரமா" என்றாள். "மொதல்ல அதத்தான் எடுத்தேன் அபி. அப்புறந்தான் அவர தொட்டுப் பாத்தேன்."

அபி அம்மாவின் கையைப் பிடிக்க நினைத்தாள். பிடிக்கவில்லை. இருவரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இறால் ஒரு தடவை பாறையிலிருந்து நழுவியது, மறுபடி ஏறிக்கொண்டது.

எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை. விழித்தபோது வாசலில், சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போகிறவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

அம்மா ஏற்கெனவே தொட்டியின் முன்னால் நின்றிருந்தாள்.

டாக்டரம்மா மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வெள்ளை மீசை இரண்டும் தண்ணீரின் போக்கில் ஆடிக்கொண்டிருந்தன. கால்கள் ஆடவில்லை. பாறை மேல் ஒட்டிக்கொண்டிருந்த நத்தைகளும் கீழே விழுந்து கிடந்தன. மீன்கள் மட்டும் எதுவும் நடக்காததுபோல் சுற்றின. மஞ்சள் மீன் பாறையை நெருங்கி, உரசாமல் திரும்பிப் போனது.

"அபி" என்றாள் அம்மா. "இது மருந்தாலதான?"

"மருந்தாலதாம்மா. டப்புலதான் ஊத்தியிருக்காரு."

முத்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "அய்ய, எறா செத்துப்போச்சே. நான் விட்ட மீனாலயா?"

"இல்லத்த. ஒண்ணுமில்ல" என்றாள் அபி.

அம்மா சமையலறைக்குள் போனாள். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. பரணில் பாத்திரங்கள் நகர்ந்தன. பிறகு எல்லோர் கண்ணிலும் படும்படி கையில் டம்ளரோடு கூடத்தைக் கடந்து வாசல் குழாயடிக்குப் போய் உட்கார்ந்தாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். உள்ளே, வெளியே, விளிம்பில், பெயர் வெட்டிய இடத்தில்.

"எங்க இருந்துச்சு?" என்று முத்தம்மாள் கேட்டாள்.

"இங்கதான் இருந்துச்சு" என்றாள் அம்மா.

டம்ளரைக் கழுவி, குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து, சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். விளக்கின் பக்கத்திலிருந்த வளைந்துபோன பிளாஸ்டிக் கப்பை எடுத்துவிட்டு, அந்த ஈர வட்டத்தின் மேல் டம்ளரை வைத்தாள். பெயர் இருந்த பக்கத்தை வாசலைப் பார்க்கத் திருப்பினாள்.