இரண்டாம் புத்தகத்துக்குப் போகாதவர்கள்

தொண்ணூற்று மூன்றில் லிங்கநகரில் வளர்ந்தோர் கல்வி வகுப்பு நடத்தியவள் நான், பாக்கியரத்தினம். சண்டையால் சாம்பல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பன்னிரண்டு பெண்களும் ஒன்றரை வருடமாக முதலாம் புத்தகத்திலேயே இருந்தார்கள். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை என்று ஊர் சொன்னது. ஊருக்கு என்ன தெரியும்? நாலாம் மாதமே எல்லோரும் சரளமாக வாசித்தார்கள்.

வகுப்பை நடத்திய நிறுவனத்தின் விதிப்படி வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கிடைக்கும். இரண்டாம் புத்தகத்துக்குப் போனவர் சொந்தக் காலில் நிற்பவராம். அவருக்கு வெறும் சான்றிதழ். சான்றிதழை அவித்துத் தின்ன முடியுமா? அந்த விதியை எழுதியவன் என் கையில் அகப்பட்டால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி இரண்டு கேள்வி கேட்பேன்.

ஆகவே வாசிக்கக் கற்றுக்கொடுத்த கையோடு, வாசிக்காமல் இருக்கவும் கற்றுக்கொடுத்தேன். இதுதான் பெரும்பாடு. எழுத்தைக் கண்டால் கண் தானாக ஓடிவிடுகிறது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்க நல்லம்மாவைப் பழக்கினேன். பாவி, தலைகீழாகவும் வாசித்தாள். பூரணி திக்கித் திணறுவதில் கெட்டிக்காரி என்பதால் முன்வரிசையில் இருத்தினேன். வீட்டுப்பாடமாக, கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து வாய் அசைக்காமல் நடக்கச் சொன்னேன்.

றோஸுக்கு மட்டும் பயிற்சி தேவைப்படவில்லை. கடலுக்குப் போன அவள் புருஷன் பேணாட் எட்டு மாதமாகத் திரும்பவில்லை. மூன்று பிள்ளைகளும் இந்த அரிசியில்தான் சீவித்தார்கள். நிறுவனத்தின் அதிகாரி சோதிக்க வரும் நாட்களில் அவள் முகம் சுவர் போல இருக்கும்.

ஒருநாள் அதிகாரி கொழும்பிலிருந்து வந்தார். ஒரு கிழமை பாதை மூடிக் கிடந்து, ஊருக்குப் பேப்பர்கூட வராமல் இருந்து, அன்றுதான் முதல் பஸ் ஓடியது. வழியில் சோதனைச் சாவடியொன்றில் அவருடைய பரீட்சை அட்டைகளைப் பறித்துவிட்டார்களாம். படமும் எழுத்துமாக இருந்ததால் ஏதோ இரகசியச் செய்தி என்று சந்தேகம். மனுசன் தன் சாப்பாட்டுப் பார்சலைச் சுற்றியிருந்த பேப்பரை விரித்து, குழம்பு படாத இடத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இதை வாசியுங்கோ.”

நல்லம்மா பார்த்தாள். தாளைத் தலைகீழாகத் திருப்ப மறந்துவிட்டாள். “தெரியாது, ஐயா,” என்றவள் திரும்பி றோஸைப் பார்த்தாள். பூரணி திக்கவேயில்லை. “தெரியாது.” அவளும் றோஸைப் பார்த்தாள். அடுத்திருந்த சீலாவுக்கோ, தெரியாது என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வாசிக்கத் தெரியாததற்கு இவ்வளவு துக்கமா என்று அதிகாரி அவளைத் தேற்றினார். இப்படியே பதினொரு பேருக்கும் தெரியாது. ஏன் எல்லோரும் றோஸையே பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து தாள் தெரியவில்லை.

கடைசியாக றோஸிடம் வந்தார். அவள் குனிந்து பார்த்தாள். தெரியாது என்று சொல்லிவிடு பெண்ணே என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

“இயந்திரம் பழுதாகி இந்தியக் கரையில் ஒதுங்கி, அங்கு காவலில் உள்ள மீனவர்கள்,” என்று விரலுக்கு மேலிருந்த தலைப்பிலிருந்தே தொடங்கினாள். ஓரிடத்திலும் தடக்கவில்லை. “யோசேப் பேணாட், வயது முப்பத்தொன்பது, சாம்பல்தீவு.”

வாசிக்கத் தெரியாத பதினொரு பேரும் ஓவென்று அழுதார்கள். நானும்தான்.

அதிகாரி பேனையை எடுத்தார். பட்டியலில் றோஸின் பேரைத் தேடினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை, இனி உங்கட பேரை வெட்டத்தான் வேணும். அரிசி நிண்டுபோகும். மற்றவை மாதிரி நீங்களும் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே.”

“வேற எந்த வரியெண்டாலும் சொல்லியிருப்பன், ஐயா,” என்றாள் றோஸ். “அந்தப் பேரைத் தெரியாது எண்டு சொல்ல எனக்கு ஏலாது.”