எட்டு வீட்டில் ஒரு வீடு

அந்தக் கட்டடத்தில் எட்டு வீடுகள். ஏழு வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்தார் வீட்டுக்காரர். நர்ஸம்மாவின் வீடு மட்டும்தான் மிச்சம்.

அவள் கட்டிலுக்கு நேர் மேலே மேல்வீட்டுக் குளியலறை ஒழுகியது. ஒரு மாதமாக ஃபோன் செய்தாள். ஆள் தங்கியிருக்கும்போது தரையை உடைத்தால் இணையத்தில் மோசமாக எழுதிவிடுவார்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் வீட்டுக்காரர். நாலு அடுத்த வாரம் போய்விட்டது. கட்டில்மேல் அண்டாவை வைத்துவிட்டு அவளும் கணவனும் சமையலறையில் படுத்தார்கள்.

ஒரு ஞாயிறு காலை, கூரைப் பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. தம்பியைக் கூப்பிட்டாள். அவன் பிளம்பர்.

அவன் மேலே போய்க் கதவைத் தட்டினான். தங்கியிருந்தவர்கள் வீட்டுக்காரரிடம் ஃபோனில் கேட்டுவிட்டு, யாரையும் உள்ளே விடக் கூடாதாம் என்று மரியாதையாகவே கதவைச் சாத்தினார்கள். பூச்சு விழுந்த இடத்தில் தெரிந்த குழாயைக் கீழிருந்தாவது இறுக்கலாம் என்று வாஷர் வாங்கப் போனான். ஹார்டுவேர் கடை இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான பொம்மைக் கடை. அந்தத் தெருவில் அப்படிப் பதினொரு கடை. ஒரு வாஷர்கூடக் கிடைக்கவில்லை.

வெறுங்கையோடு திரும்பியவன் முகம் சிவந்திருந்தது. "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான்க்கா. மெயின் வால்வை மூடட்டுமா?"

"நீ தள்ளு. நான் மூடறேன்."

ஒரு மாதமாக எட்டிப் பார்க்காத வீட்டுக்காரர், கட்டடம் முழுக்கத் தண்ணீர் நின்ற இருபது நிமிடத்தில் வந்தார். வெளியூர்க்காரர்கள் சோப்பு நுரையோடு நிற்கிறார்கள், மானம் போகிறது என்று குதித்தார்.

"உங்க மானம் இருக்கட்டும். என் கட்டிலை வந்து பாருங்க."

மேல்வீட்டுப் பெண்ணும் தலையில் துண்டோடு இறங்கி வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. கீழே குடித்தனம் இருப்பதே தெரியாது என்றாள். விளம்பரத்தில் மட்டும் 'உள்ளூர் மக்களோடு வாழுங்கள்' என்று போட்டிருந்ததாம்.

நர்ஸம்மாவின் கோபம் அந்தப் பெண்மேல் போகவில்லை. வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அந்த உள்ளூர் மக்கள் நான்தானா சார்? என்னைக் காட்டித்தான் ஆள் பிடிக்கறீங்களா?"

அவர் ஃபோனை எடுத்து, வாஷர், குழாய் எல்லாம் ஊருக்கு வெளியே ஒரு கடையிலிருந்து அனுப்பச் சொன்னார். மதியத்துக்குள் டாக்ஸியில் சாமான் வந்தது, மேல்வீட்டுத் தரையும் உடைந்தது. மறுநாள், ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வந்தது.

வேறு வீடு பார்க்கலாமா என்று கணவன் மெல்ல ஆரம்பித்தான். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியைச் சுற்றி நாலு தெருவிலும் நாள் வாடகை வீடுகள்தான். அவள் நகராட்சிக்கு ஒரு புகார் எழுதி, கடிதத்தை அதோடு வைத்துப் பின் அடித்தாள். அடுத்த தெருவில் இதேபோலத் தனியாக மாட்டிக்கொண்ட இரண்டு குடித்தனங்கள் இருந்தன. அவர்களிடம் கையெழுத்து வாங்கப் புறப்பட்டாள்.