வரிசை எண் 614

பொழுது விடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அண்ணனின் தேர்தல் ஆபீசில் இருந்து வந்த டைப்பிஸ்ட், தையல்கடைக்காரியின் கையில் வாக்காளர் பட்டியலைத் திணித்தான்.

"ஏஜென்ட்டா உட்கார வேண்டியவருக்கு நூத்தி மூணு காய்ச்சல்க்கா. இந்த வார்டுல எல்லா மூஞ்சியும் உங்களுக்குத்தான் தெரியும்னாங்க. பென்சில்ல புள்ளி வச்ச நம்பர் வந்தா மட்டும் கண்டுக்காதீங்க. நம்ம ஆளுங்க."

அவன் வேலைக்குச் சேர்ந்து பதினைந்து நாள். வேட்பாளரின் கூடப்பிறந்த தங்கையிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

புள்ளி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். போன மாநகராட்சித் தேர்தலில் அண்ணன் தோற்றது இரண்டே இரண்டு ஓட்டில். அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயரே 'ரெண்டு ஓட்டு'. அதன் பிறகு அவர் எந்த ஓட்டையும் விட்டுவைப்பதில்லை. செத்துப்போனவர்கள், ஊரைவிட்டே போனவர்கள் என்று வீடு வீடாக அடையாள அட்டைகளை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அட்டை இருந்தால் போதும், அதற்கு ஒரு ஆள் கிடைத்துவிடுவான்.

பள்ளிக்கூட வகுப்பறைதான் வாக்குச்சாவடி. பெஞ்சில் அவள் பக்கத்தில் எதிர்க்கட்சி ஏஜென்ட்டாக வாட்ச் ரிப்பேர்க்காரர் உட்கார்ந்திருந்தார்.

"டெய்லரம்மா, உங்க அண்ணன் போன தடவை போட்ட சட்டையை இந்தத் தடவையாவது கொஞ்சம் பிரிச்சு விடுங்க. ரெண்டு இன்ச்சு பத்தாமப் போச்சு."

"உங்காளு சட்டையில பட்டனே இல்லைங்க. முதல்ல அதைப் பாருங்க" என்றாள். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

பட்டியலைப் புரட்டியவளுக்குப் பதினெட்டாம் பக்கத்தில் கை நின்றது. 613, அவள். 614, அவள் கணவன். 614 பக்கத்தில் ஒரு பென்சில் புள்ளி.



கணவன் குடிநீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டர். ஊருக்குப் போக வேண்டிய தண்ணீர் ராத்திரியில் எந்தெந்த லாரியில் ஏறிப் போகிறது என்று நம்பர் நம்பராக எழுதி வைத்தவன். அவை மச்சானின் லாரிகள் என்று தெரிந்த பிறகும் எழுதினான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாநகராட்சி ஆபீசுக்குக் கிளம்பினான். போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.

தேடியதும் அண்ணன்தான். போஸ்டர் ஒட்டியதும் அவர்தான். "ஐடி கார்டைக்கூட எடுத்துட்டுப் போயிருக்கான் பாரு. திட்டம் போட்டுத்தான் போயிருக்கான்" என்று அவர் சொன்னார். அவள் நம்பினாள். நம்பாவிட்டால் அவளுக்கென்று சொல்லிக்கொள்ள அவரைத் தவிர வேறு நாதியில்லை. ஆனால் பென்ஷன் படிவத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதச் சொன்ன ஆபீஸ் கிளார்க்கிடம் மட்டும், மூன்று முறையும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த அட்டை அவளுக்கு அத்துப்படி. ஓரம் பிரிந்த பிளாஸ்டிக் உறையை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டப்போய், புகைப்படத்தின் மோவாய்க்குக் கீழே முக்கோணமாகப் பழுப்புத் தழும்பு விழுந்துவிட்டது. "என் தாடையைப் பொசுக்கிட்டியே" என்று ஒரு வாரம் கிண்டலடித்துத் தீர்த்தான்.

அட்டை இல்லாமல் இங்கே ஓட்டுப் போட முடியாது. அந்த அட்டை இருப்பது அவனிடம். அப்படியானால், 614 என்று ஒருவர் வந்தால் அது அவனாகத்தானே இருக்க வேண்டும்? அண்ணன் எங்கேயோ அவனைக் கண்டுபிடித்துவிட்டாரோ? தேர்தல் முடியட்டும் என்று காத்திருக்கிறாரோ? பைத்தியக்கார நினைப்பு என்று தெரிந்தும் வாசலை விட்டு அவள் கண் நகரவில்லை. முகம் மறந்தாலும் தோள் அளவு மறக்காத கண். அவனுக்குப் பதினெட்டரை அங்குலம்.

நாலு மணிக்கு அண்ணன் சுற்றி வந்தார். பெஞ்சில் அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

"நீ எங்கம்மா இங்க?"

"உட்கார வேண்டிய ஏஜென்ட்டுக்குக் காய்ச்சலாம்ணா. உன் டைப்பிஸ்ட் உட்கார வச்சுட்டான்." குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, என் வீட்டுக்காரரு நம்பர்ல புள்ளி இருக்கே. எதுக்கு?"

பட்டியலைப் பார்த்தார். முகம் சுண்டியது.

"அவன் புதுசு. கை தவறி வச்சிருப்பான். நீ அழிச்சிடு."

"கார்டு இல்லாம எப்படிண்ணா...?"

"அழிச்சிடுன்னு சொல்றேன்ல."

சரக்கென்று திரும்பி வெளியே போனார். வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். ஒருவரைக்கூடக் கும்பிடவில்லை.

"என்னங்க இது, ரெண்டு ஓட்டுக்காரர் நாற்பது ஓட்டை அப்படியே விட்டுட்டுப் போறாரு?" என்றார் வாட்ச்காரர்.

 காலையிலிருந்து அவள் கட்டிக்கொண்டிருந்த கோட்டை ஒவ்வொரு கல்லாகச் சரிந்துகொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம்.

"அறுநூத்திப் பதினாலு" என்று படித்தார் தேர்தல் அதிகாரி.

அவள் தலைநிமிர்ந்தாள். வேறு யாரோ. பதினாறு அங்குலத் தோள், எண்ணெய் வைத்து வாரிய தலை, எந்தத் தெருவிலும் பார்த்திராத முகம். கணவனின் பெயரைத் தன் பெயராகச் சொல்லிவிட்டு அட்டையை மேஜையில் வைத்தான்.

மோவாய்க்குக் கீழே பழுப்பு முக்கோணம்.

ஒரு நிமிடம் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. இந்த அட்டை அண்ணனின் பிஸ்கட் டப்பாவில் இருந்திருக்கிறது. கணவனின் சட்டைப்பையில் இருந்து எடுத்த அட்டை. காகிதத்தைக் கிழித்திருப்பார்கள், சட்டையை எரித்திருப்பார்கள். அட்டையை மட்டும் தூக்கிப்போட அண்ணனுக்கு மனசு வரவில்லை. அது ஒரு ஓட்டு.

மை வைப்பவர் விரலைக் கேட்டார். அந்த ஆள் நீட்டினான்.

"ஆட்சேபம்" என்றாள் அவள்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்கதானேம்மா அந்த வேட்பாளரோட ஏஜென்ட்? இவரு உங்க கட்சி சிலிப்போடதானே வந்திருக்காரு."

"தெரியும் சார். இந்த ஆளு அவரில்லை. நான் அவரோட சம்சாரம்."

 அந்த ஆள் நழுவப் பார்த்தான். கதவோரத்துப் போலீஸ்காரர் அவன் காலரைப் பிடித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார், ஆபீஸ்ல டப்பாவில இருந்து எடுத்துக் குடுத்தாங்க" என்று அவன் யாரும் கேட்காமலே உளறினான்.

அப்போதுதான் வாசலில் அண்ணன் மூச்சிரைக்க வந்து நின்றார். அவருக்குப் பின்னால் டைப்பிஸ்ட், வெளிறிப்போய். செல்போன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவதால் அந்த ஆளை அவர்களால் கூப்பிட்டு நிறுத்த முடியவில்லை.

"பாப்பா, விட்டுடும்மா" என்றார் அண்ணன். சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். "வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"ரெண்டு வருஷமா வீட்டுலதானேண்ணா பேசினோம்."

அதிகாரி ஆட்சேபப் படிவத்தை நகர்த்தினார். "உண்மையான வாக்காளர் எங்கன்னு எழுதணும்மா. வெளியூரா, இறந்துட்டாரா?"

பேனாவை வாங்கினாள். இந்த முறை திருப்பிக் கொடுக்கவில்லை. துணியில் கோடு போடுகிற அதே நிதானத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினாள்.  கடைசி எழுத்தில் மட்டும் காகிதம் கிழிந்தது.

"அட்டையை போலீஸ்ல ஒப்படைச்சிடுங்க சார். திருப்பித் தந்துடாதீங்க."

அதிகாரி தலையாட்டிக்கொண்டே படிவத்தைப் படித்தார். "தேதி விட்டுப்போச்சேம்மா. எப்போ இறந்தாரு?"

அவள் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். வாசலைக் கைகாட்டினாள்.

"அவரைக் கேளுங்க."